மேட்டில் திணறிய ஜீப்

"அம்மா, ஜீப் மேடு ஏற மாட்டேங்குதுங்க" என்றார் செங்கோடன்.

"அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றார் அம்மா.

இதைச் சொல்வதற்குள் அவர் இரண்டு முறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

ஆசிரமத்தின் குருவான அம்மாவுக்கு நாற்பதுதான் இருக்கும். செங்கோடன் வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்த சீடர். ஆசிரமத்தில் எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு, ஜீப்புக்கும்தான்.

ஆசிரமம் பள்ளத்தாக்கில் இருந்தது. ஓடையில் இறங்கி, கல்லும் குழியுமான செங்குத்து மேட்டைத் தாண்டினால்தான் டவுனுக்குப் போகிற சாலை. பொழுது சாய்ந்தால் டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் கிளம்பிவிடுவார்.

அம்மாவுக்கு ஒரு வாரமாக மூச்சு இழுப்பு. அறையை விட்டு வெளியே வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "அம்மா மூச்சுப் பயிற்சியில இருக்காங்க" என்று சொல்லி வைத்திருந்தார் செங்கோடன். குருவுக்கு நோய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இன்று அவருக்கே பயம் வந்துவிட்டது. போர்வையைச் சுற்றி, கைத்தாங்கலாகக் கூட்டி வந்து ஏற்றினார். பாதி மேட்டில் ஜீப் நின்றுவிட்டது.

"ஆயுத பூஜைக்கு அப்புறம் இப்படித்தானுங்க. இந்த மஞ்ச விளக்கு எரியுது. எரிஞ்சா வண்டிக்கு உசுரே இல்லீங்க. எவ்வளவு மிதிச்சாலும் ஊருதுங்க."

"என்ன செஞ்சீங்க?"

"பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டினேனுங்க. விளக்கு அணைஞ்சுது."

"அப்புறம்?"

"மறுபடியும் எரிஞ்சுதுங்க."

"அப்புறம்?"

"மறுபடியும் கழட்டினேனுங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அது தியானம் இல்லை.

"மெக்கானிக் வந்தாரா?"

"வந்தாருங்க. வண்டிக்கு உள்ளே காத்து பத்தலையாம். இஞ்சின் கெட்டுப் போகாம இருக்க, அதுவாவே வேகத்தைக் குறைச்சுக்குதாம்."

"காத்து எந்த வழியா உள்ளே போகும்?"

செங்கோடன் கையைக் காட்டினார். முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் குழாய் கூரை வரைக்கும் நிமிர்ந்து நின்றது. ஓடையில் இறங்கும்போது இஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க வைத்தது. அதன் வாயைப் பச்சைச் சால்வை ஒன்றால் மூடி, இறுக்கிக் கட்டி, சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார்.

"அது என்னங்க?"

"உங்க சால்வைங்கம்மா."

"மெக்கானிக் அதைப் பாக்கலையா?"

"பாத்தாருங்க. கண்ணுல ஒத்திக்கிட்டாரு."

"அவுக்கலையா?"

"அவுக்கட்டுமான்னு கேட்டாரு. நாந்தான் விடலைங்க. அம்மா போத்தின துணி. அது இருக்கிற வரைக்கும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாதில்லீங்களா?"

அம்மா போர்வையை உதறிவிட்டு இறங்கினார். தாங்கிப் பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டார். நெஞ்சு விசிலடிக்க, சக்கரத்தில் கால் வைத்து முன்பக்கம் ஏறினார். முடிச்சு அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தார்.

"அம்மா, அம்மா" என்று கீழே நின்று கையைப் பிசைந்தார் செங்கோடன். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

முடிச்சு அவிழ்ந்தது. சால்வை அம்மாவின் முகத்தில் வந்து விழுந்தது.

"துணி யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுது. மூச்சு முட்டுறதுதான்..." என்று ஆரம்பித்தார் அம்மா. முடிக்க முடியவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது.

செங்கோடன் அவரை மறுபடி வண்டியில் உட்கார வைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார். விளக்கு அணைந்தது. ஜீப் உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. விளக்கு மறுபடி எரியவில்லை.

"எல்லாம் அம்மா அருளுங்க" என்றார்.

"பேசாம ஓட்டுங்க" என்றார் அம்மா.

மேட்டின் உச்சியில் ஒரு சின்ன ஊர். ஜீப் திரும்பியதும் சாலை முழுக்கக் கூட்டம். ஆரத்தித் தட்டு, தேங்காய், மாலை. குழந்தைகளைக் கூட விபூதிக்காகத் தூக்கி வந்திருந்தார்கள். காலையில் செங்கோடனே போன் போட்டுச் சொன்னதுதான். அம்மா பயிற்சி முடிச்சுட்டு அந்த வழியா வர்றாங்க, தரிசனம் பண்ணிக்குங்க என்று.

வழக்கம்போல அவர் கால் பிரேக்குக்குப் போனது. வழக்கம்போல முகத்தில் ஒரு பணிவும் வந்தது.

திரும்பிப் பார்த்தார். அம்மாவின் உதடு கறுத்திருந்தது. முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அந்த முகத்தைக் கும்பிட்டதைத் தவிர அவர் வேறொன்றும் செய்ததில்லை.

மாலையோடு ஒரு பெரியவர் முதல் ஆளாக வந்தார். "பயிற்சியெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறக்கப் போனார்.

செங்கோடன் தலையை வெளியே நீட்டினார்.

"பயிற்சி இல்லீங்க. நான் சொன்னது பொய்யி. அவங்களுக்கு ஒரு வாரமா இழுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

பெரியவர் எட்டி உள்ளே பார்த்தார். பிறகு செங்கோடனைப் பார்த்தார்.

"ஒரு வாரமா? அன்னிக்கே சொல்றதுக்கு உங்களுக்கு என்னங்க கேடு?" என்று எரிந்து விழுந்தவர், மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்க ஓடினார்.