துபாஷியாரின் சால்வை

குறிஞ்சாக்கோட்டை ராஜாவுக்குத் தும்மல் வந்தால்கூட எதுகையோடுதான் வர வேண்டும். அப்படி ஒரு பித்து. இலையில் வடை வைத்தால் பக்கத்தில் அடையும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கையை நனைக்க மாட்டார். அவர் ஒரு வரி சொல்லி வாயை மூடுவதற்குள் எதுகை தட்டாமல் மறுவரி சொல்லிவிடுகிறவன் அம்பலவாணன். அதனால்தான் சிம்மாசனத்துக்கு வலப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் அவனுக்கு ஆசனம்.

அந்த ஆசனத்தின் மேல் ஒருவருக்குக் கண். பட்டணத்திலிருந்து வந்த துபாஷி ஆளவந்தார். துரைமார் வந்தால் அவர்கள் பேச்சை ராஜாவுக்கும், ராஜா பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொல்வது அவர் உத்தியோகம். தினமும் காலையில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ராஜாவுக்கு இங்கிலீஷ் பாடமும் சொல்வார். பெரிய படிப்பாளிதான். ஆனால் ஒரு வியாதி. யார் எதைப் பிழையாகச் சொன்னாலும் கைத்தடியால் தரையில் ‘டக்’கென்று தட்டி, “தப்பு!” என்பார். சமையல்காரனைச் சொன்னார். சேனாபதியைச் சொன்னார். அரண்மனைக் கிளியைக்கூட விடவில்லை. ராஜாவுக்கே நாளொன்றுக்கு நாற்பது தட்டு.

ஒருநாள் பாடம் முடிந்ததும் ராஜா கிட்டத்தட்டக் குதித்துக்கொண்டே சபைக்கு வந்தார்.

“அம்பலவாணா! இங்கிலீஷிலும் எதுகை இருக்கிறதய்யா! நமக்குத் தலைப்பக்கம், அவர்களுக்கு வால்பக்கம்! ரிங், சிங், விங்! ஆகா! வால் ஒன்றாக இருக்கிறதே, எல்லாம் ஒரே குடும்பமாகத்தான் இருக்கும், இல்லையா?”

டக்! “தப்பு, மகாராஜா. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.” துபாஷியின் பார்வை மெல்ல வலப்பக்க ஆசனத்துக்குப் போனது. “நம் எதுகைப் புலவர் ஆறே வார்த்தைக்கு அர்த்தம் சொல்லட்டுமே. ரிங், சிங், விங், ஸ்விங், ஸ்டிங், கிங். தெரியாவிட்டால் ஆசனத்தை எனக்கு விட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போகட்டும்.”

ராஜாவுக்குப் புது விளையாட்டு. “ஆகட்டும்! நாழிகை வட்டிலைக் கொண்டு வாருங்கள்!”

அடியில் ஊசி ஓட்டை போட்ட செப்புக் கிண்ணம் அது. தண்ணீரில் மிதக்க விட்டால் மெல்ல நிரம்பி மூழ்கும். அதுதான் கெடு.

அம்பலவாணனுக்கு இங்கிலீஷில் ஓரெழுத்துகூடத் தெரியாது. இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் எழுந்தான்.

“துபாஷியாரே, நாக்குக் குழறி ஏதாவது பிசகிவிட்டால் திருப்பிச் சொல்லலாமா?”

“நூறு தடவை சொல்லும்! எனக்கென்ன? மூழ்குவதற்குள் ஆறும் சரியாக வந்தால் போதும்.”

“நீங்கள் தோற்றால்?”

“இந்தச் சபையில் இனி ‘தப்பு’ என்ற சொல்லையே எடுக்க மாட்டேன்.”

சேனாபதி அம்பலவாணனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “தம்பி, எப்படியாவது ஜெயித்துவிடப்பா!”

வட்டில் மிதந்தது. அம்பலவாணன் தொண்டையைச் செருமினான்.

“ரிங் என்றால் எருமைக்கு வரும் வயிற்றுப்பொருமல்.”

டக்! “தப்பு! விரலில் போடும் மோதிரம்!”

“மோதிரம், மகாராஜா” என்றான் அம்பலவாணன், அப்போதுதான் ஞாபகம் வந்தவன் போல. “அடுத்தது சிங். துபாஷியார் மத்தியானம் விடுகிறாரே, குறட்டை, அது.”

“தப்பு! தப்பு! பாடுவதய்யா, பாடுவது!”

“பாடுவது, மகாராஜா. விங் என்றால் முருங்கைக்காய்.”

“தப்பு! பறவையின் இறக்கை!”

“இறக்கை. ஸ்விங் என்றால் மாமியார்.”

துபாஷி பல்லைக் கடித்தார். சபை மூச்சை அடக்கிப் பார்த்தது. அம்பலவாணன் விரலை நீட்டி, “அதிலும் கோபக்கார மாமியார்” என்று சேர்த்தான். அவ்வளவுதான்.

“தப்பு! ஊஞ்சல்! ஊஞ்சல்!”

“ஊஞ்சல், மகாராஜா. ஸ்டிங் என்றால் முத்தம். நேற்றுகூட என் வீட்டுக்காரி ஆசையாக ஒரு ஸ்டிங்...”

“ஐயையோ, தப்பு! தேள் கொட்டுவது!”

“கொட்டுவது, மகாராஜா. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.”

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் துபாஷிக்கு உறைத்தது, ஐந்து அர்த்தமும் தன் வாயிலிருந்தே போயிருக்கின்றன என்று. கைத்தடியைக் கீழே போட்டார். தோளிலிருந்த சால்வையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

வட்டிலின் விளிம்பு மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

“கிங் என்றால் ஓட்டைக் குடம்” என்றான் அம்பலவாணன்.

துபாஷி கண்களில் நீர் முட்டியது. சத்தம் வரவில்லை.

“கிங் என்றால் ஊசிப்போன பருப்பு.”

சால்வை இன்னும் ஒரு முழம் உள்ளே போனது.

அம்பலவாணனுக்கு வேர்த்தது. போச்சு, இன்று மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று திரும்பினவன், ராஜாவைப் பார்த்தான். ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்திருந்தார். மீசை துடித்தது. முதல் பாடத்திலேயே படித்த வார்த்தை போலிருக்கிறது. தொண்டைவரை வந்து நின்றது.

‘அடடே, இங்கேயும் ஒரு நாக்கு அரிக்கிறதே!’

உடனே கைகட்டி, குனிந்து, பணிவாகச் சொன்னான்: “கிங் என்றால் மழையில் நனைந்த கழுதை, மகாராஜா.”

“தப்பு!” என்று ராஜா துள்ளி எழுந்தார். “நான்தானடா! கிங் என்றால் ராஜா! நான்!”

“ராஜா, மகாராஜா!” என்றான் அம்பலவாணன். வட்டில் குளுக்கென்று மூழ்கியது.

துபாஷி சால்வையைப் பிடுங்கி எறிந்தார். “இது அநியாயம்! மகாராஜாவே சொல்லிக்கொடுத்துவிட்டார்!”

“எங்கே சொல்லிக்கொடுத்தேன்? திருத்தினேன். உம்மிடம் படித்ததுதானே!” என்று ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அம்பலவாணா, ஆசனம் உனக்குத்தான். துபாஷியாரே, வாக்கு வாக்குத்தான். இனி அந்தச் சொல் இங்கே கேட்கக் கூடாது.”

துபாஷி குனிந்து கைத்தடியை எடுத்துக்கொண்டு, “கேட்காது, மகாராஜா” என்றார்.

ராஜா தன் விரலிலிருந்த பச்சைக்கல் மோதிரத்தைக் கழற்றி அம்பலவாணன் கையில் போட்டார். “இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வாய்?”

அம்பலவாணன் துபாஷியை ஒருதரம் பார்த்தான். மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதுவா மகாராஜா? முருங்கைக்காய்.”

டக்!

“தப்பு!”