ஈயக்கட்டியை எங்கே வைப்பது

மாணவருக்குத் தலை நரைத்துவிட்டது. வழிகாட்டிக்கு இன்னும் நரைக்கத் தொடங்கவில்லை. பல்கலைக்கழகத்து இயற்பியல் துறையில் இது ஒன்றும் அதிசயமில்லை. திருவேங்கடம் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, லீவு நாட்களில் பஸ் ஏறி வந்து ஆராய்ச்சி செய்கிறவர். வழிகாட்டி ஜெபக்கனி மேடம் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஈயத்தின்மேல் வேகமான புரோட்டான்களை மோதவிட்டால் அதிலிருந்து நியூட்ரான்கள் சிதறும். எவ்வளவு சிதறும் என்று கணினியில் கணக்கிட்டு, சோதனையில் அளந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். திருவேங்கடத்தின் ஆராய்ச்சி அவ்வளவுதான். அவ்வளவுக்கே ஏழு வருடம் ஓடிவிட்டது.

சோதனையைச் செய்தவர் ஜெபக்கனியே. வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் ஈயத்தைச் சுற்றி மெல்லிய தங்கத் தகடுகளைத் தன் கையால் ஒட்டி, ஒவ்வொரு தகடும் எவ்வளவு நியூட்ரானைப் பிடித்தது என்று அளந்துகொண்டு வந்தவர். அந்த ஈயத்தின் பக்கத்தில் அவர் நிற்கும் புகைப்படம் அறைச் சுவரில் மாட்டியிருந்தது.

அன்று திருவேங்கடம் கிராஃபை மேசைமேல் விரித்தார். கடைசி எக்ஸ்டென்ஷனும் முடியப்போகிறது. இந்த மாதம் தீசிஸைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

“மேல இருக்கிற தகடு, பக்கத்துல இருக்கிற தகடு எல்லாம் அப்படியே பொருந்துது மேடம். புள்ளியெல்லாம் கோட்டுமேல உட்கார்ந்திருக்கு.”

“அடியில?”

திருவேங்கடம் தனியே கிடந்த ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார்.

“அடித்தகடு மட்டும் என் கணக்கைவிட மூணு மடங்கு காட்டுது. தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அந்த ஒரு அளவுல ஏதோ கோளாறு ஆகியிருக்கணும். அதை விட்டுட்டு எழுதிடலாமா?”

ஜெபக்கனி கோபப்படவில்லை. எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். துணி சுற்றிய ஓர் ஈயக்கட்டியை எடுத்து வந்தார்.

“இதைக் கொஞ்சம் பிடிங்க சார்.”

செங்கல் அளவுதான் இருந்தது. வாங்கியதும் திருவேங்கடத்தின் தோள் இரண்டும் இறங்கின. ஈயத்தைப் பற்றி ஏழு வருடம் கணக்குப் போட்டவர் அதைக் கையில் வாங்கியது அதுதான் முதல்முறை.

ஜெபக்கனி உட்கார்ந்து கிராஃபை நிதானமாகப் பார்த்தார். புரோட்டானின் வேகம் என்ன என்று கேட்டார். தகட்டின் கனம் என்ன என்று கேட்டார். திருவேங்கடம் எல்லாவற்றுக்கும் நின்றபடி சரியாகப் பதில் சொன்னார். நெற்றி வியர்த்தது. விரல்கள் நடுங்க ஆரம்பித்தன.

“மேடம், இதை எங்க வைக்கட்டும்?”

“உங்க கணக்குல எங்க வெச்சிருக்கீங்க?”

நாம் சொல்லாத எதுவும் கணினிக்குள் இருக்காது. திருவேங்கடம் ஈயத்தைச் சொன்னார், தங்கத்தைச் சொன்னார். கீழே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. கணினியில் ஈயம் கீழே விழுவதும் இல்லை என்பதால் அது ஒரு குறையாகத் தெரியவே இல்லை.

“அங்க... எதுமேலயும் வைக்கல மேடம்.”

“அப்போ பிடிச்சுக்கோங்க.”

திருவேங்கடத்தின் பார்வை சுவருக்குப் போனது. புகைப்படத்தில் ஈயம் ஒரு மேசைமேல் இருந்தது. கனத்த மரமேசை. ஏழு வருடமாக அவர் பார்த்துக்கொண்டிருக்கும் படம். நியூட்ரான்கள் மரத்துக்குள் போய் வேகம் குறைந்து மேலே திரும்பி வரும். வேகம் குறைந்த நியூட்ரான் என்றால் தங்கம் விடாது. இதை அவரே வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறார். வெட்கத்தில் அவருக்குக் காது சூடாகிவிட்டது.

ஜெபக்கனி கிராஃபை ஒதுக்கி மேசையில் இடம்விட்டார்.

“வைங்க சார். இத்தனை வருஷமா நானும் கேக்கலயே. இதுல எனக்கும் பங்கு உண்டு.”

திருவேங்கடம் திரும்பிப்போய்க் கணக்கில் மேசையைச் சேர்த்தார். மேசை நிற்கும் தரையைச் சேர்த்தார். அறையின் கான்கிரீட் சுவர்களையும் விடவில்லை. கல்லூரிக் கணினி நாள்கணக்கில் ஓடியது. முடிந்ததும் முதல் பஸ் பிடித்து வந்தார். முகம் செத்துக்கிடந்தது.

“அடித்தகடு மத்ததோட சேர்ந்துடுச்சு மேடம்.”

“நல்லதுதானே?”

“எல்லாத் தகட்டுலயும் இப்போ என் கணக்கு அளந்ததைவிட அதிகமா வருது. எல்லாத்துலயும் ஒரே அளவு அதிகம்.”

ஜெபக்கனி கிராஃபை வாங்கிப் பார்த்தார். கோடு ஒரு பக்கமும் புள்ளிகள் ஒரு பக்கமுமாகக் கிடந்தன.

“அப்போ முன்னாடி எப்படிப் பொருந்துச்சு சார்?”

திருவேங்கடம் பழைய கிராஃபையும் பக்கத்தில் விரித்தார். “ஈயத்துல இருந்து வர்ற நியூட்ரானை என் புரோகிராம் கூட்டிக் காட்டியிருக்கு. சுவர்ல பட்டுத் திரும்பி வர்றதை நான் சேர்க்கல. கூடினதும் குறைஞ்சதும் சரியாப் போயிடுச்சு. நான் பொருந்துதுன்னு சந்தோஷப்பட்டுட்டேன்.”

“இதை இப்படியே எழுதுங்க.”

“ஒரு புள்ளிகூடக் கோட்டுல இல்ல மேடம். இதை எவன் பாஸ் பண்ணுவான்? பொண்ணு என்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா, அப்பா எப்போ டாக்டர் ஆவீங்கன்னு.” அவர் பழைய கிராஃபைக் கையில் எடுத்தார். “மேசை, சுவர் ஒண்ணும் இல்லாதப்போ ஒண்ணே ஒண்ணுதான் தப்பா இருந்துச்சு. எடுத்துடட்டுமா மேடம்? அந்த மேசையையும் சுவரையும் எடுத்துடட்டுமா?”

ஜெபக்கனிக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஈயக்கட்டி அன்று வைத்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் கையை வைத்தார்.

“எடுத்துடலாம் சார். இதை நீங்க பிடிச்சுக்கிறீங்களா?”