கரி தின்னாத குமுட்டி

ஆற்றுக்குப் பாலம் போட யாருக்கும் தோன்றாத காலம் அது. ஒரு பரிசல் துறையில் சேந்தன் என்று ஒருவன் இருந்தான். கரையேறும் வழிப்போக்கர்களுக்கு மீன் சுட்டுக் கொடுப்பது அவன் பிழைப்பு. அவன் மீனைப் புரட்டுவான். அவன் மனைவி வெண்ணி அடுப்பை விசிறுவாள். சுட்டவன் பெயரை நாலு ஊர் சொல்லிற்று. விசிறினவளை யார் நினைத்தார்கள்? எங்கும் நடக்கிறதுதானே!

ஒரு கோடையில் ஆறு வற்றியபோது மணலுக்குள்ளிருந்து ஓர் இரும்புக் குமுட்டி தலை நீட்டியது. கையில் தூக்கிப் போகிற கரியடுப்புதான். உடம்பெல்லாம் துரு. மூன்று காலில் ஒன்று முறிந்திருந்தது. காற்றுப் போகும் அடிவாயை யாரோ களிமண்ணால் அடைத்து, அதில் உள்ளங்கையை அழுத்தியிருந்தார்கள். அடைப்பு செங்கல்லாய் இறுகிக் கிடந்தது.

"வேண்டாங்க. யாரோ வேணும்னே அடைச்சிருக்காங்க" என்றாள் வெண்ணி.

"அடைச்சவனுக்கு இதோட அருமை தெரியலை" என்றான் சேந்தன். கைத்திறமைக்காரர்களின் கிறுக்கு இது. பழுது என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது.

முதல் நாள் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் துரு போகத் தேய்த்தான். இரண்டாம் நாள் புதுக்கால் பொருத்தினான். மூன்றாம் நாள் அடைப்பை உளியால் கொத்தி எடுத்தான். பிறகு எண்ணெய் பூசி, மூன்று கரித்துண்டு போட்டுப் பற்றவைத்து, மேலே கம்பித்தட்டை வைத்தான்.

அந்த மூன்று துண்டும் அணையவே இல்லை. நாள் கணக்காக எரிந்தும் ஒரு சிட்டிகை சாம்பல் விழவில்லை. மீன் பொன்னாய்ச் சிவந்தது, மணம் அக்கரைவரை போயிற்று. சேந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. இனிக் கரிமூட்டை சுமக்க வேண்டாமே!

ஒன்றுதான் சரியில்லை. வெண்ணி விசிறியைக் கீழே வைத்தால், குமுட்டிக்குள் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

முதல் வாரம் அவள் விரல்கள் சில்லிட்டன. "ஆத்துத் தண்ணி" என்றான். இரண்டாம் வாரம் உதடு நீலம் பாரித்தது. "பித்தம்" என்றான். மூன்றாம் வாரம், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் உச்சிப்பொழுதில், அவள் வாயிலிருந்து மார்கழி மூச்சுப்போல் புகை வந்தது.

"எனக்குக் குளிருதுங்க" என்றாள். மூச்சு வாங்கும் அந்தக் குமுட்டியை அணைக்கப் பாய்ந்தான் சேந்தன்.

தண்ணீர் ஊற்றினான், ஆவிகூட எழவில்லை. மணலைக் கொட்டினான், மணல் சிவந்தது. எட்டி உதைத்தான், குமுட்டி அசையவில்லை, வெண்ணிதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கரிக்குப் பதிலாக அது இத்தனை நாளும் அவளைத் தின்றிருக்கிறது.

"பாவி, நானே திறந்துவிட்டேனே!" என்று அலறினான். விசிறியைப் பிடுங்கி, அவளை விலக்கிவிட்டு, அவள் இடத்தில் தான் உட்கார்ந்தான். பிழைப்புத் தொடங்கிய நாளிலிருந்து அந்த இடத்தில் அவன் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

குளிர் அவன் விரலில் ஏறியது, மணிக்கட்டில் ஏறியது, முழங்கையில் ஏறியது. இடக்கையால் ஈரக் களிமண்ணை அள்ளி அடிவாயில் அப்பினான். உள்ளேயிருந்து எதுவோ அதைத் தள்ளிற்று. விசிறியை எறிந்துவிட்டு வலக்கையால் அழுத்திப் பிடித்தான். களிமண் வெந்து இறுகியது. கை சுடவில்லை, குளிர்ந்தது. மூச்சுச் சத்தம் அடங்கும்வரை அவன் கையை எடுக்கவில்லை.

எடுத்ததும் தன் உள்ளங்கைத் தடத்தைப் பார்த்தான். முன்பு தான் கொத்தி எறிந்த தடம் எப்படி வந்திருக்கும் என்று புரிந்தபோது, அந்த முகம் தெரியாதவனை நினைத்து அழுதான்.

வெண்ணிக்கு உடம்புச் சூடு திரும்பியது. சேந்தனின் வலக்கை மட்டும் சாகும்வரை சில்லென்றே இருந்தது. குமுட்டியை ஆழமான மடுவில் போட்டார்கள். ஆறு என்றைக்காவது வற்றும். உங்கள் கண்ணில் பட்டால் அடைப்பில் கை வைத்துவிடாதீர்கள்.

நமக்குச் செலவில்லாமல் ஒரு சுகம் கிடைக்கிறதென்றால், பக்கத்தில் இருக்கும் யாரோ அதற்காகத் தேய்ந்துகொண்டிருக்கிறார்.