மூடியில் நின்ற தண்ணீர்

இந்தக் கதையை நம்புவதா வேண்டாமா என்ற குழப்பம் பல வருடங்களாகவே உண்டு. சொன்னவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் கதை நடந்த இடத்தில் அவர் இல்லை. இல்லாத ஒருவருக்கு அங்கே யார் எந்தக் குரலில் பேசினார்கள் என்பது வரைக்கும் எப்படித் தெரியும்? சந்தேகம் கதையின் மேலா, இப்படியும் நடக்கும் என்று நம்பத் துணியாத மனதின் மேலா என்பதும் தெளியவில்லை. எப்படியானாலும், கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிடலாம்.

தூத்துக்குடியில் ததேயு என்று ஒரு மீன் ஏலக்காரர் இருந்தார். வயது ஐம்பத்தாறு. அவர் ஏலம் கூறினால் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். கோபப்பட்டால் ஐந்து தெரு.

அவருக்கு ஒரே தம்பி, பனிதாஸ். கப்பலில் சமையல்காரன். இருவருக்கும் பதினோரு வருடங்களாகப் பேச்சு இல்லை. அந்த வருடம் தம்பி வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லி அனுப்பினான்.

"வரட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் ததேயு.

அவர் மனைவி ரெஜினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவையும் முறிஞ்சுதுன்னா, அப்புறம் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் சவப்பெட்டியில படுத்திருக்கும்போதுதான் மத்தவர் மொகத்தப் பார்க்கணும். ஞாபகம் வச்சுக்கோங்க."

"அதான் ஒண்ணும் இல்லங்கேன்ல."

பேச்சு இருந்த காலத்தில் பனிதாஸ் ஒரு பெருமை அடித்திருந்தான். முள்ளெடுத்த வெள்ளை மீன் துண்டுகளின் மேல் ரொட்டித் தூளைப் பரப்பி, கப்பல் ஓவனில் மொறுமொறுவென்று சுடுவானாம். கேப்டன் தட்டை வழித்துச் சாப்பிடுவானாம். "நம்ம ஊர்ல ஒருத்தனுக்கும் இது வராது" என்று அன்றைக்குச் சொன்னான். ததேயு அதை மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே மீனை அவன் முன்னால் வைப்பது என்று முடிவு செய்தார்.

வீட்டில் ஓவன் இல்லை. செலஸ்டினாவின் பேக்கரிக்குப் போனார்.

செலஸ்டினாவுக்கு நாற்பது வயது. அப்பா இறந்தபோது விறகு அடுப்போடு சேர்த்து 'மாஸ்டர்' என்ற பட்டமும் அவருக்கு வந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் ஊரே கேக் மாவைத் தட்டில் ஊற்றிக்கொண்டு அவர் அடுப்படியில் வரிசையில் நிற்கும். மீனோடு வந்தவர் ததேயு ஒருவர்தான்.

"மாஸ்டர், இதச் சுடக் கத்துக் கொடுக்கணும்."

"எம் பன்னெல்லாம் மீன் வாடை அடிக்கும் அண்ணாச்சி."

"கடைசி ரொட்டி எறங்கின பிறகு வைப்போம்."

"யாருக்கு?"

"தம்பிக்கு."

"அவ்வளவு பிரியமா?"

"பிரியமாவது. அவன் வாய அடைக்கணும்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. "வியாழன், வெள்ளி, சனி. மூணு நாள் வாங்க. சொன்னதச் செய்யணும்."

வியாழக்கிழமை ததேயு நல்ல விளைமீனாக எடுத்து வந்தார். துண்டுகள் மஞ்சளாக மின்னின. பாத்திரத்தின் அடியில் தண்ணீர் நின்றது.

"எத்தனை தண்ணி கழுவுனீங்க?"

"ஏழு. கல்லுப்பு, மஞ்சள், எலுமிச்சை எல்லாம் போட்டு. வாடை இருக்குன்னு அவன் ஒரு சொல் சொல்லிரக் கூடாது."

மாஸ்டர் ரொட்டித் தூளைத் தூவி அடுப்புக்குள் தள்ளினார். வெளியே எடுத்தபோது தூள் கஞ்சியாகக் குழைந்திருந்தது.

"இதென்ன, நோயாளிக்கா?" என்றார் ததேயு.

"நீங்க கொண்டுவந்த தண்ணிதான்."

"முப்பது வருசமா மீனோட கெடக்கேன். எனக்கு மீன் கழுவச் சொல்லித் தாறியா நீ?"

"நீங்க மீனோட கெடந்தீங்க, சரி. அடுப்போட கெடந்தது நான். நாளைக்கு வாறதுன்னா வாங்க."

வெள்ளிக்கிழமை வந்தார். மஞ்சள் இல்லை, இரண்டே தண்ணீர். மாஸ்டர் ஒரு துணியைக் கொடுத்தார். ஒவ்வொரு துண்டாக ஒற்றி எடுக்கச் சொன்னார். ததேயு கரகரவென்று தேய்த்தார். ஒரு துண்டு இரண்டாகப் பிய்ந்தது.

"யார் மேல உள்ள கோவம் அது?"

"யார் மேலயும் இல்ல."

பழைய ரொட்டியை உலர்த்தி நொறுக்கிய தூளில் வெண்ணெய், நசுக்கிய பூண்டு, மிளகு, பொடியாக அரிந்த மல்லி. பிசைந்து மீன் மேல் அழுத்தாமல் பரப்பி அடுப்பில் வைத்தார்கள். கால் மணி நேரத்தில் பொன்னிறமாக வந்தது. ததேயு ஒரு விள்ளல் வாயில் போட்டார். கடிக்கும் சத்தம் அவருக்கே கேட்டது. உள்ளே மீன் வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரிந்தது.

மாஸ்டர் கை கழுவத் திரும்பிய நேரத்தில், மீதியைத் தூக்குச்சட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு நன்றி கூடச் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தார்.

சனிக்கிழமை அவர் குரல் பேக்கரிக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

"ஏமாத்திட்ட நீ. இங்க மொறுமொறுன்னு இருந்தது, வீட்டுக்குப் போறதுக்குள்ள சவசவன்னு போச்சு. எம் பொண்டாட்டி தூளத் தனியா வழிச்சுப் போட்டுட்டுச் சாப்பிடுதா. என்ன மாவக் கலந்த? பழைய ரொட்டிய எந் தலையில கட்டிட்ட."

ரொட்டி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டரின் முகம் சிவந்தது. கையிலிருந்த தட்டை மேசையில் எறிந்தார்.

"எம் ரொட்டியக் குறை சொன்ன வாய் இந்த ஊர்ல உங்க வாய்தான் மொதல்ல. உள்ள வாங்க."

அன்றைக்கு ததேயுவை எதையும் தொட விடவில்லை. மாஸ்டரே மீனைத் துடைத்தார். அவரே தூளைப் பரப்பினார். சுட்டு எடுத்து, "தொட்டுப் பாருங்க" என்றார்.

ததேயு தொட்டார். மொறுமொறுவென்று இருந்தது.

"நேத்து இத எதுல கொண்டு போனீங்க?"

"தூக்குச்சட்டியில."

"மூடி போட்டா?"

"பின்ன? ஈ மொய்க்கும். தெருவுல நாலு பேர் கண்ணு படும். சோத்தத் தெறந்து போட்டுக் கொண்டு போறதுக்கு நான் என்ன நாதியத்தவனா?"

மாஸ்டர் அவர் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கினார். மீனை உள்ளே அடுக்கி, மூடியை அழுத்தி மூடி, இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"உக்காருங்க."

"எதுக்கு?"

"உங்க வீட்டுக்கு நடக்கிற நேரம் ஆகட்டும்."

உட்கார்ந்தார்கள். அடுப்பில் கரி உடையும் சத்தம் கேட்டது.

"தம்பி மேல என்ன வருத்தம்?"

"ஒண்ணும் இல்ல."

"பதினோரு வருசமா?"

"அதெல்லாம் மறந்தாச்சு. நாளைக்கு வாரான், சாப்பிடுதான், போறான். எம் மனசுல ஒண்ணும் இல்ல."

மாஸ்டர் மூடியைத் திறந்து அவர் முன்னால் கவிழ்த்துப் பிடித்தார். மூடியின் உட்புறம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஒன்று உருண்டு ததேயுவின் முழங்காலில் விழுந்தது. உள்ளே தூள் நமுத்துப் போயிருந்தது.

"மீனத் தொடச்சாச்சு. தூளும் காஞ்ச தூள். நான் ஒரு சொட்டு ஊத்தல. இந்தத் தண்ணி எங்கயிருந்து வந்தது?"

ததேயு மூடியைப் பார்த்தார். பிறகு ஐந்து தெருவுக்கும் கேட்கிற அந்தக் குரல் வந்தது.

"மூணு நாள். எங்கம்மாவ மூணு நாள் ஐஸ் பெட்டியில வச்சுக் காத்துக் கெடந்தேன். இன்னைக்கு வாரேன், நாளைக்கு வாரேன்னான். சாமியார் கேக்காரு, சொந்தக்காரன் கேக்கான், எப்ப எடுக்கப் போறேன்னு. ஏலக்கூடத்துல மீனுக்கு ஐஸ் போடுத அதே கையால எங்கம்மாவுக்குப் பெட்டியத் தெறந்து தெறந்து பார்த்தேன். அவன் வரல. ஏன் வரலன்னு இன்னைய வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல."

மூச்சு வாங்கினார்.

"நீங்க கேட்டீங்களா?" என்றார் மாஸ்டர்.

"நான் எதுக்குக் கேக்கணும்? சொல்ல வேண்டியவன் அவன்."

மாஸ்டர் எழுந்தார். நமுத்த மீனைத் தட்டில் கொட்டினார். மூடியைத் துடைத்தார். துடைத்த மூடியைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, தூக்குச்சட்டியை மட்டும் அவரிடம் நீட்டினார்.

"மூடி?"

"அது இங்க இருக்கட்டும்."

"அப்ப நாளைக்கு எப்படிக் கொண்டு போறது?"

"தெறந்து கொண்டு போங்க."

"தெரு பூரா பார்க்குமே."

"ஆவி போற வரைக்கும்தான் பார்க்கும், அண்ணாச்சி."

கேட்ட கதை இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று அதில் இல்லை. செலஸ்டினா மாஸ்டர் அடுத்தவர் வீட்டு விஷயத்தை வெளியில் பேசுகிறவர் இல்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கதையைச் சொன்னவர் பனிதாஸ்; அந்தத் தம்பி. பேக்கரிக்குள் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

பல வருடச் சந்தேகத்துக்குப் பிறகு, கடைசியில் ஒருநாள் அவரிடமே கேட்க வேண்டி வந்தது:

"இவ்வளவையும் உங்க அண்ணன் உங்ககிட்டச் சொன்னது, அன்னைக்குச் சாப்பிட உக்காருறதுக்கு முன்னாடியா, சாப்பிட்டு எந்திரிச்ச பிறகா?"