மூவாயிரம் தாய்மார்

"அந்த ஆப்புல இருக்கவும் முடியல, விட்டு வரவும் முடியலம்மா" என்றாள் செங்கமலம்.

காது கேளாத பிள்ளைகளின் தாய்மாருக்குச் சைகை மொழி கற்றுத் தருபவள் அவள். வாரம் ஒரு வீடியோ, போன் செயலி ஒன்றில்.

போடி மலையடிவாரத்து மடத்தில் இருந்த மெய்யம்மை, அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் குரு.

"என்னக்கா பண்றாங்க?"

"என் வீடியோவை யார் கண்ணுலயும் காட்டுறதில்ல. அதுலயும் நடுநடுவே நகைக்கடை விளம்பரம். என் போன் நம்பரைப் போட்டேன், அழிச்சுட்டாங்க."

"விட்டுட வேண்டியதுதானே?"

"எப்படி விடுறது? மூவாயிரம் தாய்மார் அங்கதான் இருக்காங்க."

"அங்கயா இருக்காங்க? அவங்கவங்க வீட்டுல இல்லையா?"

செங்கமலம் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"ஒரே ஒருத்தர் பேரு சொல்லுங்க."

"சின்னமனூர் தேவசேனா. மக பேரு கயல்."

மெய்யம்மை எழுந்து செருப்பை மாட்டினாள்.

சின்னமனூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி, டீக்கடையில் விசாரித்தார்கள்.

"காது கேக்காத புள்ள வீடா? தண்ணித் தொட்டிக்குப் பின்னாடித் தெரு, மூணாவது வாசல்."

கதவைத் திறந்தவள் ஒரு கணம் திகைத்தாள்.

"டீச்சரா! மூணு மாசமா ஆளையே காணோமே. பாடம் எடுக்கிறதையே விட்டுட்டீங்கன்னு அழுதேன் டீச்சர்."

"வாரம் தவறாமப் போட்டேனே தேவசேனா!"

தேவசேனா தன் போனைத் திறந்து காட்டினாள்; மூன்று மாத வீடியோக்களில் ஒன்றுகூட அதில் வந்திருக்கவில்லை.

உள்ளேயிருந்து கயல் ஓடிவந்தாள். வீடியோ பார்த்துக் கற்ற அதே சைகையில் கேட்டாள்: எங்கே போயிருந்தீங்க?

செங்கமலத்துக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

தேவசேனாவுக்கு ஐந்து தாய்மாரின் நம்பர் தெரிந்திருந்தது. செங்கமலம் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.

"மத்தவங்க?" என்று குருவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க ஊருக்கும் பஸ் போகும்."

செங்கமலம் அங்கேயே உட்கார்ந்து போனை எடுத்தாள். ஆப்பில் தன் கணக்கை மூடும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கயல் இரண்டு தோசை தின்று முடித்துவிட்டாள்.

கடைசியில் திரையில் தேவசேனாவின் படம் வந்தது. அதன் கீழே எழுத்துகள்:

'உண்மையிலேயே போகிறீர்களா? தேவசேனா உங்களைக் காணாமல் வருந்துவார்.'

செங்கமலம் போனைத் தேவசேனாவின் பக்கம் திருப்பினாள்.

தேவசேனா எழுத்துக் கூட்டிப் படித்தாள். தன் படத்தையே முறைத்தாள்.

பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, 'ஆம்' மேல் விரலை வைத்து அழுத்தினாள்.