மூடாத வால்வு

"அம்மா, புல்தரைத் தண்ணி நிக்கவே மாட்டேங்குது," என்றார் தெய்வசிகாமணி.

மலையடிவாரத்து மடத்தில் தோட்டம் அவர் பொறுப்பு. பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஞானம் தேடி வந்தவர். மடத்தின் குரு குயிலம்மையார் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவருக்கு அம்மாதான்.

"என்ன செஞ்சு பாத்தீங்க?"

"நேரம் வச்சுத் தண்ணி விடுற கன்ட்ரோலரை அணைச்சேன். வால்வுக்குப் போற வயரையும் கழட்டிட்டேன். அப்பவும் ஸ்பிரிங்க்ளர் சுத்தித் தண்ணி தெளிச்சிக்கிட்டே இருக்கு."

"மெயின் குழாயை மூடுறதுதானே?"

"மூடினா சமையல்கட்டுக்கும் தண்ணி இல்லை. திறந்தா மறுபடி ஆரம்பிச்சிடுது."

"எப்பலேர்ந்து?"

"ஊர்லேர்ந்து சேதி வந்த அன்னைக்கிலேர்ந்து."

அவருடைய மனைவி சௌந்தரம்தான் ஆள் அனுப்பியிருந்தாள். ஒரே மகள் செண்பகம், பத்து வயது, காய்ச்சலில் போய்விட்டாள்.

சேதியைக் கேட்ட தெய்வசிகாமணி, "வந்தவங்க போகத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு ரோஜாவுக்கு மண் அணைக்கப் போனார். ஊருக்குப் போகவில்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

மடமே மூக்கின் மேல் விரல் வைத்தது. துறவி என்றால் இவரல்லவா துறவி என்றார்கள். அவருக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். மனுஷன்தானே!

வருகிற பௌர்ணமியன்று அவருக்குக் காவி தருவதாக இருந்தது.

அம்மையார் எழுந்து வெளியே வந்தார்.

உச்சிவெயில். ஓர் இலைகூட அசையவில்லை. ஸ்பிரிங்க்ளர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

தண்ணீர் வளைந்து வந்து, ஓரிடத்தில் மட்டும் அந்தரத்தில் உடைந்து சிதறியது. நெஞ்சு உயரத்தில். அங்கே யாரும் இல்லை.

அதன் கீழே புல் அழுந்தியிருந்தது, இரண்டு சின்னப் பாதங்கள் அளவுக்கு.

அடுத்த சுற்றில் தண்ணீர் ஓரடி இந்தப் பக்கம் தள்ளி உடைந்தது.

"பாத்தீங்களாம்மா?" தெய்வசிகாமணி ஓரடி பின்வாங்கினார். "தினமும் என் அறைப் பக்கமாத்தான் வருது. பயமா இருக்கு. தண்ணி நின்னாப் போதும்."

"நின்னா வராதா?"

"வந்தாலும் நான் பாக்க வேண்டாமே."

அம்மையார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "போன கோடையில செண்பகம் அவ அம்மாவோட வந்தாளே. இதே தண்ணியில நனைஞ்சு, அப்பா அப்பான்னு கூப்பிட்டாளே."

"நான் தியானத்துல இருந்தேன்."

"ஆமா. கண்ணையே திறக்கல."

தெய்வசிகாமணி திரும்பி, வால்வு இருந்த குழியருகே போய் உட்கார்ந்தார்.

"வால்வைப் பிரிங்க."

மெயினை மூடிவிட்டுக் குழிக்குள் கைவிட்டு வால்வின் மூடியைக் கழற்றினார். உள்ளே வட்டமான கறுப்பு ரப்பர். எங்கும் கிழியவில்லை.

"தண்ணி போற வழியை அடைக்கறது எது?" என்றார் அம்மையார்.

"தண்ணியேதான்மா. இந்த ரப்பர்ல சின்னதா ஒரு துளை இருக்கு. அது வழியா கொஞ்சம் தண்ணி மேல ஏறி நிறையும். அந்த அழுத்தத்துல ரப்பர் கீழ இறங்கி மூடிக்கும்."

"துளை எப்படி இருக்கு?"

வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் வரவில்லை.

"மணல் அடைச்சிருக்கு."

"அப்போ மேல ஏறல."

"ஏறல."

"ஏறலைன்னா?"

"நிறையாது. நிறையலைன்னா நிக்காம..." அவர் விரல் தன் காய்ந்த கண்ணைத் தொட்டது.

அம்மையார் முந்தானையிலிருந்த ஊக்கை எடுத்து நீட்டினார்.

அவர் துளையைக் குத்தினார். மணல் உதிர்ந்தது. மூடியை மாட்டி, திருகுகளை முறுக்கி, மெயினைத் திறந்தார்.

ஸ்பிரிங்க்ளர் ஒரு சுற்று சுற்றியது. தண்ணீர் அவருக்கு நேர் எதிரே உடைந்து, முகத்தில் தெறித்தது.

புல் அழுந்தியது. அவர் கால் விரல்களுக்குப் பக்கத்தில்.

அவர் விலகவில்லை. மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். கைக்குள் ஈரமும் காற்றும்தான்.

"செண்பகம்... அப்பா பாக்கறேன்டா. பாக்கறேன்."

பிறகு அழுதார். துறவி மாதிரி இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த எவனும் அழுகிற மாதிரி, வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதார்.

தண்ணீர் தாழ்ந்தது. சொட்டியது. நின்றது.

அழுந்திக் கிடந்த புல் மெல்ல நிமிர்ந்தது.

"பௌர்ணமிக்கு..." என்று ஆரம்பித்தார் அம்மையார்.

"அம்மா," என்று இடைமறித்த தெய்வசிகாமணி, முகத்தைத் துண்டால் துடைத்தார். "எங்க ஊருக்கு பஸ் எப்போ? சௌந்தரம் தனியா இருப்பா."