சொக்கரைத் தூங்க வைத்தவர்

"சாமி, எனக்குத் தூக்கம் வர ஒரு வழி சொல்லணும்."

மாசிலாமணி ஓதுவார் இப்படிக் கேட்டதும் குமரேசச் சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆற்றங்கரை மடத்தின் தலைவர் அவர். ஓதுவாரைவிட வயதில் ரொம்பவும் சின்னவர்.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. கோயிலில் தினமும் அர்த்தசாமப் பூசை முடிந்ததும் சொக்கநாதரைப் பாட்டுப் பாடித் தூங்க வைப்பதே ஓதுவாரின் வேலை.

"சிரிக்காதீங்க சாமி. கண்ணை மூடி மாசக்கணக்காச்சு."

மனைவி சௌந்தரம் இறந்துபோனதிலிருந்து அவருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. ஊரார் வைத்தியத்துக்கும் குறைவில்லை. பாலில் ஜாதிக்காய் உரைத்துக் குடித்தார். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தார். தலையணைக்குள் மருதாணிப் பூ அடைத்தார். நித்திரை சுகம் அறியாது என்பார்கள். மகன் வாங்கி அனுப்பிய மெத்தையில் சுகத்துக்கு ஒரு குறைவும் இல்லை, நித்திரைதான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

தூக்கம் கெட்டதில் தொண்டையும் கெட்டது. முந்தின நாள் ஊஞ்சல் பாட்டு பாதியில் அறுந்து நின்றது. இன்னொரு தடவை இப்படி ஆனால் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுக்கொள்கிறோம், நீங்கள் ஓய்வெடுங்கள் என்று தர்மகர்த்தா சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். ஓதுவாருக்கு அதுதான் அதிகம் வலித்தது.

"அந்தப் பாட்டும் போயிட்டா எனக்குன்னு ஒண்ணும் இல்லை சாமி."

சாமி மருந்து எதுவும் சொல்லவில்லை. பள்ளியறைப் பூசையில் என்னென்ன நடக்கும், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றார்.

தெரியாததா என்று முனகிக்கொண்டே ஓதுவார் ஆரம்பித்தார். சொக்கரின் பாதத்தைச் சின்னப் பல்லக்கில் வைத்து அம்பாள் சன்னதிக்குக் கொண்டுபோவார்கள். என்ன வேலை கிடந்தாலும் அந்த நடையில் மட்டும் அவசரம் கூடாது. ஏலக்காய் போட்டுக் காய்ச்சிய பால் நைவேத்தியம் ஆகும். ஊஞ்சலை மெல்ல ஆட்டுவார்கள். விளக்குகளை ஒவ்வொன்றாக அமர்த்துவார்கள். பாட்டும் கூடவே இறங்கிக்கொண்டு வரும். கடைசி அடி பக்கத்தில் நிற்கும் குருக்களுக்கே சரியாகக் கேட்காது.

சொல்லச் சொல்ல அவர் குரலும் இறங்கியது.

"அப்புறம்?"

"கதவைச் சாத்திடுவோம்."

"தூங்கிட்டாரான்னு திறந்து பார்ப்பீங்களா?"

"அதெப்படி சாமி? அபசாரம்."

"காவலுக்கு?"

"பைரவர் இருக்காரே. சாவியை அவர் காலடியில வச்சு, இனி உன் பொறுப்புன்னு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுவோம். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்."

"சரி. வீட்டில?"

அதைச் சொல்ல ஓதுவாருக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டில் எல்லா விளக்கும் எரியும். டிவி தன்பாட்டுக்கு ஓடும். தாழ்ப்பாள் போட்டோமா என்று ஒரு தடவை எழுந்து பார்ப்பார், கேஸை மூடினோமா என்று இன்னொரு தடவை. படுத்த பிறகு செல்போனில் மணி பார்ப்பார். விடிய எவ்வளவு நேரம் இருக்கிறது, இப்போது தூங்கினால்கூட எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுவார். கணக்குப் போட்டுவிட்டு மறுபடியும் மணி பார்ப்பார்.

"முன்னால எப்படி?"

 

முன்னால் சௌந்தரம் இருந்தாள். அவர் கோயிலிலிருந்து வந்ததும் வாசலிலேயே காலுக்கு வெந்நீர் ஊற்றுவாள். பிரசாதப் பாலை வாங்கி ஆளுக்கு ஒரு வாய் குடிப்பார்கள். இன்றைக்குச் சொக்கருக்கு என்ன பூ என்று கேட்பாள். அங்கே தொடங்கும் பேச்சு எதிர்வீட்டுப் பசு, நாளைக்குக் கீரையா வாழைக்காயா என்று எங்கெங்கோ போகும். பேசிக்கொண்டே விளக்கை அணைப்பாள். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். அவள் பேச்சை முடிவுவரை ஒருநாளும் இவர் கேட்டதில்லை. அதற்குள் தூங்கியிருப்பார்.

அவள் எப்போது தூங்குவாள் என்பதும் இவருக்குத் தெரியாது.

தன்னையும் ஒருத்தி தினமும் பள்ளியறைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் ஓதுவாருக்கு உறைத்தது. சின்னப் பிள்ளைபோல அழுதார். சாமி தடுக்கவில்லை.

அழுகை ஓய்ந்ததும் சாமி எழுந்து உள்ளே போனார். ஒரு செம்பில் வெந்நீரோடு வந்தார்.

"காலை நீட்டுங்க ஓதுவாரே."

ஓதுவார் பதறிக் காலை இழுத்துக்கொண்டார். மடத்துச் சாமி தன் காலைத் தொடுவதாவது. சாமி செம்பை ஏந்தியபடியே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஆறிவிடும் என்று தோன்றிய பிறகு ஓதுவார் காலை நீட்டினார்.

பிறகு சாமி ஒரு தம்ளர் பால் கொடுத்தார். எதிர்வீட்டுப் பசு இப்போது கறக்கிறதா என்று விசாரித்தார். விசாரித்துக்கொண்டே கூடத்தில் பாயை விரித்தார். வீட்டுச் சாவியையும் செல்போனையும் கேட்டு வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஓதுவார் படுத்தார். வெளியே இன்னும் வெயில் இருந்தது. சாமி ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார்.

கடைசி ஜன்னலுக்கு வந்தபோது பாயிலிருந்து தலை நிமிர்ந்தது.

"சாமி, எத்தனை மணிக்கு எழுப்புவீங்க?"

"சொக்கர் என்னைக்காவது உங்ககிட்ட அப்படிக் கேட்டிருக்காரா?"